கடலோர நகரத்திலிருந்து ஒரு நாள் பயணம்: இடத்துக்கு முன் நேரத்தைப் பாருங்கள்

வெப்பமண்டலக் கடலோர நகரம் ஒன்றில் ஆறு நாள் தங்கப் போகிறோம், எந்த ஊர் என்று இன்னும் முடிவாகவில்லை, எட்டு வயது மகனும் எழுபது வயது அம்மாவும் உடன் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே தேடினாலும் தீவு, பவளப்பாறை, அலையாத்திக் காடு, அருவி, பழைய கோட்டை என்று ஒரே மாதிரிப் பட்டியல்தான் வருகிறது, இதில் எவை போகத் தகுந்தவை, ஒரே நாளில் இரண்டைச் சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று எனக்குப் படுகிறது: போய்ச் சேர்ந்த பிறகு ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று தோன்றாமல் இருக்க எதை முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்?

இப்படிப்பட்ட நகரங்களிலிருந்து சிறு குழுக்களைப் படகிலும் வண்டியிலும் அழைத்துப் போவது பல ஆண்டுகளாக என் வேலை. ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் தவறான இடத்துக்குப் போனவர்கள் அல்லர். சரியான இடத்துக்குத் தவறான நேரத்தில் போனவர்கள். வெயில், காற்று, கடலின் ஏற்ற வற்றம், மழை ஆகிய நான்கும்தான் இங்கே ஒரு நாளின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் சிலவற்றை இன்றைக்கே உறுதியாகச் சொல்லிவிடலாம், சிலவற்றை அன்று காலைவரை யாராலும் சொல்ல முடியாது. அந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் எந்த ஊரானாலும் பட்டியலை நீங்களே வடிகட்டிவிடுவீர்கள்.

முதலில் உறுதியானவை. பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். வெப்பமண்டலத்தின் விளிம்பில்கூட மிக நீண்ட பகல் பதின்மூன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். குளிர்நாடுகளில் கோடைக்காலத்தில் சுற்றிப் பழகியவர்கள் இரவு எட்டு, ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பிலேயே திட்டம் போடுகிறார்கள். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால் மறைந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஆகவே திட்டத்தைப் பின்னிருந்து போடுங்கள்: மலைப்பாதையையும் படகுத்துறையையும் எத்தனை மணிக்குள் தாண்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து கழித்துக்கொண்டே வந்து காலையில் கிளம்பும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள். போகவும் வரவும் சேர்த்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போகும் எதையும், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும், குழந்தையும் பெரியவரும் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாள் பயணமாக நான் சொல்வதில்லை. அங்கேயே ஓர் இரவு தங்கினால்தான் அதற்கு நியாயம் செய்ய முடியும்.

அடுத்தது காற்று. நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. முற்பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. இந்தக் கடற்காற்று பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், மாலையில் தணியும். இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திசைமாறி நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். புயலோ பருவக்காற்றோ ஆதிக்கம் செலுத்தாத நாள்களில் இந்தச் சுழற்சியை நம்பலாம். காலை ஏழு மணிக்குக் கண்ணாடிபோல் கிடந்த நீர், மதியம் மூன்று மணிக்குச் சின்னப் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். தீவுக்கும் பவளப்பாறைக்கும் முதல் படகில் போங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துவது கூட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. அலை குறைவு, கலங்கல் குறைவு, திரும்பும்போது காற்று ஏறுவதற்குள் கரை சேர்ந்துவிடலாம். மதியம் புறப்பட்டு மாலையில் திரும்பும் பவளப்பாறைப் பயணத்தைக் குறைந்த கட்டணத்தில் தருவதாகச் சொன்னால், அது ஏன் குறைவு என்று யோசியுங்கள்.

மூன்றாவதைத்தான் பயணிகள் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை: கடலின் ஏற்றமும் வற்றமும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அரைநிலா நாள்களில் வித்தியாசம் குறைவு. எல்லாக் கரைக்கும் இது ஒன்றுபோல் இருக்காது. வியட்நாமின் வடகரையிலும் தாய்லாந்து வளைகுடாவின் சில பகுதிகளிலும் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம்தான். அளவும் ஊருக்கு ஊர் மாறும். பனாமா கால்வாயின் நீளம் 82 கி.மீ.தான். அதன் பசிபிக் முனையில் கடல் 5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாள்கள் உண்டு, கரீபியன் முனையில் அரை மீட்டர்கூட இருக்காது. ஆஸ்திரேலியாவின் டார்வினில் பெரிய ஏற்றத்தின்போது வித்தியாசம் 8 மீட்டரை நெருங்கும். கொழும்பில் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஊர் முடிவானதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துறைமுகத்தின் ஓத அட்டவணை, அதாவது ஏற்ற வற்ற நேரங்களின் பட்டியல். வானிலையைப் போல அல்லாமல் இது பல மாதங்களுக்கு முன்பே கணக்கிட்டு வெளியிடப்படுவது. புயலும் பலத்த காற்றும் நீர்மட்டத்தைச் சற்று மாற்றலாம், நேரம் பெரும்பாலும் பிசகாது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு இடங்களைச் சொல்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில் வற்றத்தின்போது கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடும். நீந்த வந்தவருக்கு அது வெறும் சேறும் பாசியும். அதே நேரத்தில் நடக்க வந்தவருக்குப் பெண்கள் கடற்பாசி வளர்க்கும் வரிசைகளும், நீர்க்குட்டைகளில் நட்சத்திர மீன்களும் கண்முன்னே. சிங்கப்பூரின் பூலாவ் உபின் தீவில் செக் ஜாவா என்ற சதுப்புக் கரைக்கு வற்றம்தான் நேரம். நீர் நன்றாக வற்றியிருக்கும்போது போனால்தான் கடற்புல் வெளியும் நண்டுகளும் தெரியும், ஏற்றத்தில் போனால் மரப்பாலமும் தண்ணீரும்தான். ஒரே இடத்தை ஒருவர் அருமை என்றும் இன்னொருவர் வீண் என்றும் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இருவரும் எந்த நேரத்தில் போனார்கள் என்று தேடிப்பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் பாதுகாப்புக்கான கணக்கு ஒன்றும் உண்டு. நீர் ஏற எடுத்துக்கொள்ளும் ஆறு மணி நேரத்திலும் ஒரே வேகத்தில் ஏறாது. முதல் ஒரு மணி நேரம் மெதுவாக இருக்கும், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி வந்துவிடும். வற்றத்தில் மணல்திட்டு வழியே நடந்து போகக்கூடிய குட்டித் தீவுகள் பல ஊர்களில் உள்ளன. நீர் திரும்பி முதல் அரை மணி நேரத்தில் ஒன்றும் மாறாததுபோல் இருக்கும். அதை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் திரும்பும் வழி மூழ்கிப்போகிறது. வற்றம் முடியும் நேரத்துக்குள் கரைப்பக்கம் வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு எல்லாவற்றிலும் மேலானது அலையாத்திக் காடுதான். பட்டியல்களில் அது எப்போதும் கடைசியில் வருகிறது, ஆனால் அலையில்லாத நீர், நிழல், குறைந்த தூரம் மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான். ஏற்றத்தில் போனால் படகு கிளை வாய்க்கால்களுக்குள் நுழையும், தலைக்கு மேல் மரங்கள் கூடிவிடும். வற்றத்தில் போனால் படகு வெளி வாய்க்காலோடு நின்றுவிடும், ஆனால் உயிர்களெல்லாம் வெளியே வரும். படகை நிறுத்தி இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் போதும். வெறும் சேறாகத் தெரிந்த இடத்தில் முதலில் சின்னச் சின்னத் துளைகள் புலப்படும். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும், அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் தலையுச்சியில் கண் வைத்த மீன் ஒன்று துடுப்பை ஊன்றித் தண்ணீரில்லாத சேற்றின் மேல் தாவிப் போகும். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டுப் படகை எடுக்கவே விடமாட்டார்கள். இரண்டையும் பார்க்க வேண்டுமானால், வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கும் நேரத்தில் உள்ளே போகும்படி கேளுங்கள். முதலில் உயிர்கள், பிறகு வாய்க்கால்கள். சில சதுப்பு நிலங்களுக்கு மாலைதான் நேரம். கரீபியன் தீவான டிரினிடாடில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகருக்குத் தெற்கே உள்ள கரோனி சதுப்புக்கு மாலை நான்கு மணி வாக்கில்தான் படகுகள் கிளம்புகின்றன. செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாக அடையத் திரும்புவது பொழுது சாயும்போதுதான்.

இனி உறுதியில்லாதவை. பருவம் ஓரளவுக்குத் தெரியும், அந்தந்த நாள் தெரியாது. ஒரே நாட்டின் இரு கரைகளுக்கும் பருவம் வேறாக இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இலங்கையின் மேற்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை கொந்தளிப்பாக இருக்கும்போது கிழக்கே திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல விடுதிகள் பூட்டிவிடுகின்றன. தாய்லாந்தின் மேற்கே அந்தமான் கடலிலுள்ள சிமிலான் தீவுகளை மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுகிறார்கள். மாதம் உங்கள் கையில் இல்லையென்றால் ஊரையாவது மாற்றிக்கொள்ளலாம், நீங்கள் இன்னும் முடிவு செய்யாமல் இருப்பது அந்த வகையில் நல்லதே. ஆனால் மழைக்காலம் என்றாலே நாள் முழுக்கக் கொட்டும் என்றும் எண்ண வேண்டாம். பல இடங்களில் காலை தெளிவாக இருந்து, மதியத்துக்குமேல் உள்நாட்டு மலைகளின் மேல் மேகம் திரண்டு இடியோடு பெய்யும். அன்று எந்தப் பள்ளத்தாக்கில் பெய்யும் என்பதை எந்தச் செயலியும் முந்தைய வாரமே சரியாகச் சொல்லிவிடாது.

அருவி இந்த நிச்சயமின்மைக்குள் முழுக்க அடங்கியது. வறண்ட மாதத்தில் பாறையில் ஈரம் மட்டும் இருக்கும், மழைக்காலத்தில் பார்க்க அழகாகவும் இறங்க ஆபத்தாகவும் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். தெளிந்த நீர் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் துணிமணியை எடுக்கக்கூட நிற்காமல் உயரமான இடத்துக்கு ஏறிவிடுங்கள். அருவிக்கும் காலைதான் நேரம், மதிய மழைக்கு முன்.

பவளப்பாறையில் நீர் எவ்வளவு தெளிவாக இருக்கும், ஆமையோ டால்பினோ தென்படுமா என்பதற்கெல்லாம் உத்தரவாதம் தருபவரை நம்பாதீர்கள். பெருமழைக்குப் பின் ஆற்று வண்டல் கரையோரப் பாறைகளை நாள்கணக்கில் கலக்கிவிடும். கரையிலிருந்து தள்ளியிருக்கும் பாறைக்கு அந்தத் தொல்லை குறைவு, பயணம் நீளம். பயணக் கையேடுகளில் எழுதியிருப்பது பழையதாகவும் இருக்கலாம். தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பவளப்பாறை தேறுவதற்காக 2018 ஜூனில் மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது, தீவின் பின்புறம் இறங்கி நடந்து வர வேண்டும். ஹவாயில் 2021 முதல் பவளத்துக்குக் கேடான ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த வெயில் தடுப்புக் களிம்பை விற்கத் தடை உண்டு. நான் எல்லாரையும் நீளக்கை நீச்சல் சட்டை போடச் சொல்வேன். மிதந்தபடி கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போது வெந்துபோவது முதுகும் முழங்கால் பின்புறமும்தான், அங்கே களிம்பைவிடத் துணிதான் நிலைக்கும். வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐ எட்டினாலே உச்ச அபாயம் என்று கணக்கு, வெப்பமண்டலத்தில் அது சாதாரண நடுப்பகல். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பவளத்தின் மேல் யாரும் கால் ஊன்ற வேண்டாம் என்பதையும் மகனுக்குப் படகு ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அது கல் அல்ல, உயிர். ஒரு மிதியில் உடைவது வளர்ந்துவர பல ஆண்டுகள் ஆகும்.

ஒரே நாளில் இரண்டு இடமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே திசையில், வெவ்வேறு நேரத்துக்கு ஏற்ற இரண்டு என்றால் சேர்க்கலாம். காலையில் அலையாத்திக் காடு, நடுப்பகலில் அதே வழியிலுள்ள அருங்காட்சியகமோ குகையோ, இது சரியாக வரும். காலையில் தீவு, மாலையில் மலை என்பது வேண்டாம். இரண்டுக்கும் இடையில் நகரத்து நெரிசலை ஒருமுறை முழுதாகக் கடக்க வேண்டியிருக்கும், அந்த நேரத்தை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. விடுமுறை நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மும்பையின் எலிஃபண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஹொனலூலுவின் ஹனவுமா விரிகுடா திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். படகில் போகும் இடமென்றால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைத் துறையில் இறங்கியதுமே கேளுங்கள், நீங்கள் திரும்ப வேண்டியது அதற்கு முந்தைய படகில்.

படகைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறதா, அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, குழந்தை அளவில் ஒன்று இருக்கிறதா. பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே உருவிக்கொண்டு போய்விடும். வானொலியோ வேறு தொடர்புக் கருவியோ உண்டா என்றும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘காற்று பலமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். ‘போகமாட்டோம், பணத்தைத் திருப்பித் தருவோம் அல்லது வேறு நாள் தருவோம்’ என்று தயங்காமல் சொல்பவரோடு போங்கள். கடல் அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் என்னால் சொல்ல முடியாது, அந்தக் கரையில் தினமும் படகு இறக்குபவர் சொல்வதே முடிவு. அவர் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம்.

கடற்கரையில் குளிப்பதற்கும் ஒரு வார்த்தை. வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் குடும்பங்கள் அங்கேதான் இறங்கப் பார்க்கும். கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்கு விரைந்து ஓடும் பாதை அது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கை காட்டி உதவி கேட்க வேண்டும். காவலர் இருக்கும் கரையில் கொடிகளுக்கு இடையே குளிப்பதே நல்லது. வட ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் மே வரை கொடிய பெட்டி ஜெல்லி மீன்கள் கரையோரம் வரும், கிழக்கு இந்தியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரையுள்ள கழிமுகங்களில் பல இடங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் நீரில், எவ்வளவு பேர் குளித்துக்கொண்டிருந்தாலும், இறங்க வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். அவருக்குச் சிரமம் தருவது தூரத்தைவிட வெப்பமும் படகில் ஏறி இறங்குவதும்தான். படகுத்துறையில் மேடை இருக்கிறதா, முழங்கால் நீரில் நடந்து ஏற வேண்டுமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். சில துறைகளில் ஏற்றத்தின்போது படிக்கட்டோடு ஒட்டி நிற்கும் படகு, வற்றத்தின்போது இரண்டு ஆள் உயரம் கீழே நிற்கும். படகில் அவரை நடுவிலோ பின்பக்கமோ உட்காரவையுங்கள், முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். கண் அடிவானத்தில் இருந்தால் குமட்டல் குறையும். அதற்கான மாத்திரைகளைப் புறப்படும் முன்பே போட்டால்தான் வேலை செய்யும். ஆனால் அவை தூக்கம் வரவழைக்கும், கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், எனவே இதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், நான் மருத்துவன் அல்ல. பதினொரு மணி முதல் மூன்று மணி வரை அவர் நிழலில் இருக்கும்படி எல்லா நாளையும் அமையுங்கள்.

ஆறு நாளை எப்படி அடுக்குவது என்றால், வானிலையை நம்பியிருக்கும் பயணத்தை முதலில் வையுங்கள். தீவையோ பவளப்பாறையையோ இரண்டாம் நாளுக்குப் போட்டால், காற்று கெடுத்தாலும் மூன்றாம், நான்காம் நாள்கள் கையில் இருக்கும். கோட்டை, பழைய நகரம், அருங்காட்சியகம் எல்லாம் மழை நாளுக்கான கையிருப்பு, அவற்றுக்குத் தேதி குறிக்க வேண்டாம். அலையாத்திக் காட்டுக்கு ஓத அட்டவணையே நாளைச் சொல்லிவிடும். நடுவில் ஒரு நாளை எதுவும் இல்லாமல் விடுங்கள், எட்டு வயதுக்கும் எழுபது வயதுக்கும் அது தேவைப்படும். நீங்கள் யாராவது காற்றுருளை கட்டி (ஸ்கூபா) முக்குளிப்பதாக இருந்தால், ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்பது முக்குளிப்பு மருத்துவத்தின் பொது வழிகாட்டல். 600 மீட்டருக்கு மேல் ஏறும் மலைப்பாதைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஆகவே முக்குளித்த மறுநாள் அதிகாலையில் மலைக்குக் கிளம்ப வேண்டாம். மேலே மிதந்து பார்ப்பதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஊரும் மாதமும் முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், அந்த வாரத்து ஏற்ற வற்ற நேரங்களைப் பார்த்து எந்த நாளுக்கு எது என்று சொல்கிறேன்.